மணி அடித்த பிறகு வந்த மாணவர்

அந்த மாணவர் தினமும் நேரத்துக்கே பள்ளிப் பக்கம் வந்துவிடுவார். ஆனால் உள்ளே போகமாட்டார். வெளியே எங்காவது ஒதுங்கி நின்று பாடம் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்து, எல்லோரும் வகுப்புக்குள் போன பிறகுதான் நுழைவார். வகுப்பு விட்டதும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடப்பார். சக மாணவர்களோடு சேர்ந்து விளையாடியதே இல்லை.

இன்று ஒரு பள்ளியில் இப்படி ஒரு மாணவர் இருந்தால் அவரைப் பற்றி என்ன சொல்வார்கள்? ‘லேட்டாக வருகிற பையன். யாரோடும் ஒட்டமாட்டான். படிப்பில் ஆர்வம் இல்லை.’ இதைத்தான் சொல்வார்கள். பெற்றோரை வரச்சொல்லி, ‘உங்க பையனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க’ என்று அனுப்பியும் வைப்பார்கள்.

அந்த மாணவர் வேறு யாருமல்ல, இரட்டைமலை சீனிவாசன். 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். 1930-ல் லண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் சேர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்காகப் பேசியவர். கோயம்புத்தூரில் படித்த நாட்களைத் தன் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். அந்தப் பள்ளியில் சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். யாரிடமாவது நட்பாகப் பழகினால் ஊர் எது, குடும்பம் எது, சாதி எது என்று கேட்பார்கள். தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்கள். அந்தப் பயத்தில்தான் அவர் மணிச் சத்தம் கேட்கும்வரை வெளியே நின்றார். கூடி விளையாட முடியாததை நினைத்து மனம் கலங்கியதாகவும் எழுதியிருக்கிறார்.

அவர் வெளியே நின்ற நேரத்திலும் கையில் புத்தகம் இருந்தது. படிப்பில் ஆர்வம் இல்லாதவர் அப்படிச் செய்யமாட்டார். அவர் பயந்தது பாடத்தைப் பார்த்து அல்ல, வகுப்பறையைப் பார்த்து.

ஒரு மாணவரின் நடத்தையைப் பார்த்து நாம் முடிவு கட்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். பேசாமல் இருப்பது, கடைசி பெஞ்சுக்குப் போவது, தாமதமாக வருவது, லீவு போடுவது, எடுத்ததற்கெல்லாம் முறைப்பது ஆகிய எல்லாவற்றையும் பிள்ளையின் குணம் என்று எழுதிவிடுகிறோம். பல நேரங்களில் அவை வகுப்பறையில் நடப்பதற்குப் பிள்ளை தருகிற பதில். அங்கே நடப்பதை மாற்றினால் பதிலும் மாறும்.

எழுந்து நிற்கச் சொன்ன நாள்

நம்மில் பலருக்கு ஒரு நினைவு இருக்கும். எனக்கும் உண்டு. ஆறாம் வகுப்பு என்று நினைவு. பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் கையில் தாளோடு வந்தார். “எஸ்.சி. பசங்க மட்டும் எழுந்து நில்லுங்க. ஸ்காலர்ஷிப் பாரம் கொடுக்கணும்” என்றார். அதுவரை என் பக்கத்தில் தோள்மேல் கைபோட்டு உட்கார்ந்திருந்த நண்பன், எழுந்து நின்ற என்னை அண்ணாந்து பார்த்தான். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தப் பார்வை மட்டும் இன்றும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பல நாள் நான் விடை தெரிந்த கேள்விக்கும் கை தூக்கவில்லை.

பாரம் கொண்டு வந்தவர் கெட்டவர் அல்ல. எங்களுக்கு உதவத்தான் வந்தார். அவர் செய்த முறைதான் தவறு. உதவித்தொகை நம் உரிமை. அதை வாங்குவதற்கு நாற்பது பேர் முன்னால் சாதியைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்படிச் சாதியைப் பொதுவில் சொல்வது படிப்பை எவ்வளவு பாதிக்கும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். உயர்சாதி என்று சொல்லப்படுகிற குடும்பங்களிலிருந்து 321 சிறுவர்கள், தலித் குடும்பங்களிலிருந்து 321 சிறுவர்கள். எல்லோரும் ஆறாம், ஏழாம் வகுப்பு படிப்பவர்கள். தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். சரியாகப் போட்டால் பணம் உண்டு.

யாருடைய சாதியையும் சொல்லாமல் உட்கார வைத்தபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு புதிர்களைப் போட்டார்கள். இன்னொரு பிரிவில், தொடங்கும் முன்பு ஒவ்வொரு சிறுவனின் ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். அங்கே தலித் சிறுவர்கள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இரண்டு பிரிவிலும் இருந்தவர்கள் அதே கிராமங்களின் பிள்ளைகள். கொடுத்ததும் ஒரே புதிர். நடுவில் வாசித்த அந்தச் சில வார்த்தைகள்தான் வித்தியாசம்.

‘அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

பேப்பர் திருத்துகிற கை

இன்னொரு ஆய்வும் உண்டு. ரீமா ஹன்னா, லீ லிண்டன் ஆகிய இருவர் 2012-ல் வெளியிட்டது. மாணவர்கள் எழுதிய விடைத்தாள்களை இந்திய ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாளின் முகப்பில் இருந்த சாதி முதலான விவரங்களைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதினார்கள். முகப்பில் தாழ்த்தப்பட்ட சாதி என்று இருந்த தாள்களுக்குச் சற்றுக் குறைவாக மதிப்பெண் விழுந்தது. வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் விடையின் தரத்தில் வித்தியாசமே இல்லாதபோது அது விழுந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இதில் நாமும் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அப்படிக் குறைத்துப் போட்டவர்களில் தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து வந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆக, வகுப்பறையைச் சரிசெய்வதற்கு நம் ஆள் ஒருவர் அங்கே ஆசிரியராக இருந்தால் மட்டும் போதாது. பழக்கமும் மாற வேண்டும். விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் மட்டும் போடச் சொல்வது எளிய வழி. பொதுத்தேர்வில் அப்படித்தான் செய்கிறார்கள். பள்ளித் தேர்விலும் செய்யலாம்.

கேள்வி யாருக்கு, காத்திருப்பது எத்தனை நொடி

பெரும்பாலான வகுப்பறைகளில் ஆசிரியர் கேட்கிற கேள்விகளுக்கு ஐந்தாறு பேர்தான் மாறி மாறிப் பதில் சொல்வார்கள். அவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். வீட்டில் படித்தவர்கள் இருப்பார்கள். டியூஷன் போவார்கள். மற்றவர்கள் பார்வையாளர்கள். பார்வையாளராக ஒரு வருடம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தூங்கும், பக்கத்துப் பையனைச் சீண்டும், ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கும். பிறகு அதற்காக அடியும் வாங்கும்.

அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பட் ரோ என்ற கல்வியாளர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். கேள்வி கேட்ட ஆசிரியர், பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்தவரைக் கேட்கிறார் அல்லது தானே சொல்லிவிடுகிறார். அந்த ஒரு நொடியை மூன்று நொடியாக்கியபோது, பிள்ளைகள் நீளமாகப் பதில் சொன்னார்கள். ‘தெரியாது’ என்பது குறைந்தது. அதுவரை மெதுவாகப் படிக்கிறவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் வாய் திறந்தார்கள்.

வீட்டில் முதல்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அந்த இரண்டு நொடி அதிகம் தேவை. ஆசிரியர் கேட்பது பாடப்புத்தகத் தமிழ். அதைத் தன் வீட்டுத் தமிழில் புரிந்துகொண்டு, விடையைத் தேடி, மறுபடியும் புத்தகத் தமிழுக்குக் கொண்டுவந்து சொல்ல வேண்டும். இதற்கு நடுவில், ‘நான் பேசினால் சிரிப்பார்களோ’ என்ற பயம் வேறு. அந்தப் பிள்ளை தட்டுத்தடுமாறித் தன் வீட்டுப் பேச்சில் பதில் சொல்லும்போது, ‘இது என்ன சேரி பாஷை’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். பன்னிரண்டாம் வகுப்புவரை அது வாயைத் திறக்காது. விடை சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். ‘சரியாச் சொன்னே, இதையே புத்தகத்துல எப்படி எழுதுவோம்னு பார்ப்போம்’ என்று அடுத்துச் சொல்லலாம்.

பெருக்குவது யார்

அம்பேத்கர் சிறுவனாகப் படித்தபோது வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியாக உட்கார்ந்தார். அவர் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருந்தார். இந்தி எழுத்தாளர் ஓம்பிரகாஷ் வால்மீகியைத் தலைமையாசிரியர் வகுப்புக்கு அனுப்பாமல் பள்ளி மைதானத்தைப் பெருக்க வைத்தார். அது நாடு விடுதலை அடைந்த பிறகு நடந்தது. தன் வரலாறான ‘ஜூட்டன்’ நூலில் அதை எழுதியிருக்கிறார்.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. ஈரோடு மாவட்டம் பெருந்துறை பகுதியில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிவறை சுத்தம் செய்ய வைத்த புகாரில் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை கைது செய்யப்பட்டது 2022-ல்.

பள்ளியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பிள்ளைகள் எல்லோரும் முறைபோட்டு உதவுவதில் தவறில்லை. ஆனால் விளக்குமாற்றை எடுக்கச் சொல்லும்போது ஆசிரியரின் கண் ஒரு குறிப்பிட்ட தெருவிலிருந்து வரும் பிள்ளைகள் மேலேயே போகிறதா? தண்ணீர்க் குடத்தையோ சத்துணவுப் பாத்திரத்தையோ தொடச் சொல்லும்போது வேறு பிள்ளைகள் மேல் போகிறதா? இந்த இரண்டு கேள்விகளை ஒவ்வொரு ஆசிரியரும் தன்னைக் கேட்டுக்கொள்ளலாம். பிள்ளைகள் ஏற்கெனவே கவனித்துவிட்டார்கள்.

பாய் விரித்த வகுப்பறை

மாற்றிப் பார்த்த அனுபவமும் தமிழ்நாட்டுக்கு உண்டு. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறையை எடுத்து நம் பாடத்துக்கு ஏற்றபடி அமைத்தார்கள். 2007-08-ல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. இன்று கல்லூரியில் படிக்கும் பலர் அந்த அட்டைகளில்தான் எழுத்துப் படித்தார்கள்.

அந்த வகுப்பறையில் முன்வரிசையும் இல்லை, கடைசி வரிசையும் இல்லை. பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தனக்குரிய அட்டையை எடுத்து, ஏணிப்படி போல ஒவ்வொரு நிலையாக ஏறிப் போகும்.

நம் மக்களுக்கு இதில் பெரிய நன்மை ஒன்று இருந்தது. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போகிற குடும்பங்களின் பிள்ளைகள் மாதக்கணக்கில் பள்ளிக்கு வரமாட்டார்கள். வழக்கமான வகுப்பில் அவர்கள் திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். ஒன்றும் புரியாது. அவமானம் தாங்காமல் மறுபடியும் நின்றுவிடுவார்கள். அட்டை முறையில் விட்ட படியிலிருந்து தொடரலாம். ‘எல்லோரும் எங்கேயோ இருக்கிறார்கள், நான் மட்டும் பின்னால்’ என்ற அவமானம் குறையும்.

குறைகளும் இருந்தன. ஈராசிரியர் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளுக்கு அட்டை மேய்க்க வேண்டியிருந்தது. அட்டைகள் கிழிந்தால் புதிதாக வருவதற்குத் தாமதமானது. எழுத்துப் பயிற்சி போதவில்லை என்று பெற்றோர் வருத்தப்பட்டார்கள். பிறகு 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதிலும் பிள்ளைகளை அவர்கள் இருக்கிற நிலையிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பார்த்துச் சொல்லித்தருகிறார்கள். திட்டத்தின் பெயர் மாறலாம். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே போய்க் கைபிடிப்பதுதான் நல்ல முறை என்பது மாறாது.

லீவு போட்ட பிள்ளையைக் கேளுங்கள்

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவருடன் படித்த மாணவர்கள் என்பதுதான் தமிழ்நாட்டையே உலுக்கியது. நன்றாகப் படிக்கிற அந்த மாணவர் அதற்கு முன்பு சில நாட்கள் பள்ளிக்குப் போகாமல் இருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டபோதுதான் சக மாணவர்கள் கொடுத்த தொல்லை வெளியே வந்தது. பிள்ளை லீவு போடுவதே ஒரு புகார் மனு. அதை முதல் நாளிலேயே படிக்கத் தெரிய வேண்டும். படித்த பிறகு, புகார் சொன்ன பிள்ளையைப் பாதுகாக்கவும் தெரிய வேண்டும்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு முதலமைச்சரிடம் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது என்ற பரிந்துரையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வகுப்பறைக்குள் நடக்கிறவற்றைப் பற்றிய பரிந்துரைகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டன. அவற்றில் சில: மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. ஆசிரியர் எந்த மாணவரையும் சாதியைச் சொல்லி அழைக்கவோ, சாதியைக் குறிப்பிட்டுப் பேசவோ கூடாது. உதவித்தொகை விவரங்களை வகுப்பில் அறிவிக்காமல் மாணவரைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு கூடாது.

இவற்றில் பலவற்றுக்குப் பணம் தேவையில்லை. கட்டடம் தேவையில்லை. அரசாணைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. நாளைக் காலை முதல் பீரியடில் ஒரு வகுப்பாசிரியர் தானாகவே தொடங்கலாம்.

அடிக்கு அடங்குவது ஒழுக்கம் அல்ல

‘கண்ணை மட்டும் விட்டுட்டு உரிச்சிடுங்க சார்’ என்று நம் பெற்றோரே சொல்லிவிட்டு வருவதுண்டு. பிள்ளை உருப்பட வேண்டும் என்ற ஆசைதான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வசவும் சட்டப்படி தடை செய்யப்பட்டதுதான். அதிலும் சாதியைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து வரும்.

சட்டத்தை விட்டுவிட்டாலும், அடி எதைச் சாதிக்கிறது? அடிக்கிற சார் இருக்கும்வரை வகுப்பு அமைதியாக இருக்கும். அவர் திரும்பியதும் அந்த அமைதி போய்விடும். அடிபட்ட பிள்ளை அந்தப் பாடத்தையே வெறுக்கும். கணக்கு சார் அடித்ததால் கணக்கை விட்டவர்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியர்களின் சுமையும் நமக்குத் தெரியும். பாடம் நடத்துகிற நேரத்தைவிடச் செயலியில் விவரம் ஏற்றுகிற நேரம் அதிகம் என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. அதற்காக அவர்களோடு சேர்ந்து குரல் கொடுக்கவும் வேண்டும். நம்மில் படித்து மேலே வந்த எவரைக் கேட்டாலும், தன் பெயரைச் சொல்லி அன்பாகக் கூப்பிட்ட ஒரு டீச்சரையோ சாரையோ நினைவு கூர்வார்கள். அந்த ஆசிரியர்கள் புதிய திட்டம் எதையும் கொண்டு வரவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், அவ்வளவுதான்.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோருக்கு: பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழு உறுப்பினர்களில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடமும் உண்டு. வேலைக்குப் போகும் நாளாயிற்றே என்று கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். தெருவுக்கு ஒருவராவது போங்கள். யாரை எங்கே உட்கார வைக்கிறார்கள், யார் பெருக்குகிறார்கள், உதவித்தொகையை எப்படி அறிவிக்கிறார்கள் என்று கேளுங்கள். சண்டைக்குப் போகிற தொனி வேண்டாம். கேட்பதை நிறுத்தவும் வேண்டாம். பிள்ளை இரண்டு நாள் தொடர்ந்து ‘வயிறு வலிக்குது’ என்றால், வயிற்றை மட்டும் பார்க்காதீர்கள். வகுப்பில் என்ன நடந்தது என்றும் மெதுவாகக் கேளுங்கள்.

மாணவர்களுக்கு: உங்கள் சாதியைச் சொல்லி யாராவது இழிவுபடுத்தினால் அது உங்கள் அவமானம் அல்ல. சொன்னவருடைய குற்றம். நம்புகிற ஆசிரியரிடமோ வீட்டிலோ அன்றைக்கே சொல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களில் இலவசமாகப் பேசலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன் திடீரென்று பேசாமல் போனால், நீங்களே போய் ‘என்னடா ஆச்சு?’ என்று கேளுங்கள். எழுந்து நின்ற அன்று என் நண்பன் அப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

ஆசிரியர்களுக்கு: உங்கள் வகுப்பில் தாமதமாக வருகிற பிள்ளை ஒன்று இருக்கும். ‘ஏன் லேட்டு?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்காமல், இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் தண்ணீர் பிடிக்கிற வேலை காரணமாக இருக்கலாம். பஸ் காரணமாக இருக்கலாம். வழியில் எவனோ நின்று கேலி செய்வது காரணமாக இருக்கலாம். உங்கள் வகுப்பே காரணமாகவும் இருக்கலாம்.

இரட்டைமலை சீனிவாசனை அந்தப் பள்ளியில் யாரும் அப்படிக் கேட்டதாக அவர் எழுதவில்லை. அவர் மன உறுதியால் தப்பித்து வந்தார். அதே போல வெளியே நின்று, மணிச் சத்தம் கேட்டும் உள்ளே போகாமல் அப்படியே வீட்டுக்கும் வயலுக்கும் திரும்பிப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ‘இடைநின்றவர்’ என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம். இனி ஒரு பெயரும் அந்தக் கணக்கில் சேரக் கூடாது.